யாரும் அனுப்பாத மிஷனரி

நூற்றாண்டு மலருக்காக நான் எழுதிய முதல் அத்தியாயத்தை எங்கள் சபையின் செயலாளர் நின்றபடியே படித்து முடித்தார். பிறகு, "குதிரை எங்க சார்?" என்றார்.

"எந்தக் குதிரை?"

"வெள்ளைக்காரப் போதகர் குதிரையில வந்து ஆலமரத்தடியில பிரசங்கம் பண்ணாருல்ல? எங்க தாத்தா சொல்லுவாரே."

அவர் ரயிலில் வந்தார் என்று சொன்னேன். தாம்பரத்துக்கு ரயில் வந்து பல வருடம் கழித்து வந்த மனிதர் எதற்குக் குதிரை தேட வேண்டும்? அவரே ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஸ்டேஷனில் இறங்கி நடந்ததாகச் சொல்லியிருக்கிறார். நகலையும் எடுத்துக் காட்டினேன்.

"ரயில்ல வந்தாருன்னு போட்டா யாரு சார் படிப்பாங்க? ஆபீஸ் போறவன்கூடத்தான் ரயில்ல வர்றான்."

இது 2005 ஜூலையில். செயலாளருக்கு நாற்பது வயது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. கெட்டவர் இல்லை. சபைக்காக ஓடியாடி உழைப்பவர். ஆனால் சரித்திரம் என்றால் அவருக்கு மூன்றே காட்சிகள்: ஒரு வெள்ளைக்காரர், ஒரு குதிரை, ஒரு மரம். அதற்கடுத்து நேராக 2006, புதிய நூற்றாண்டு மண்டபம், கல் பதித்த தரை. நடுவில் நாடு சுதந்திரம் பெற்றது, அரசியல் சட்டம் எழுதியது, முதல் தேர்தலை நடத்தியது. அந்த வருடங்களில் எங்கள் சபை என்ன செய்துகொண்டிருந்தது என்று யாருக்கும் கவலையில்லை.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் தேதியைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வந்து, அங்கே பஸ் மாறி, கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, வாரத்தில் மூன்று நாள் சர்ச் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவேன். அந்த அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால், மதிலோரம் ஓடு வேய்ந்த இரண்டு அறை வீடு ஒன்று தெரியும். வாசலில் ஒரு மூதாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். நான் எழுத வேண்டிய சரித்திரத்தில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. எல்லோரும் அக்கா என்பார்கள். எங்கள் சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து, இருபத்திரண்டு வயதில் மத்தியப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றுக்கு மருந்தக ஊழியத்துக்குப் போனவர். ஐம்பது வருடம் அங்கேயே இருந்து, முழங்கால் தேய்ந்து, 2001 மார்ச்சில் திரும்பி வந்தார். அன்றைக்கு இருந்த ஆயர் ஒன்றும் யோசிக்காமல் அந்த வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் யோசித்திருக்க வேண்டும். அந்த வீடு ஒரு பழைய சபையார் உயில் எழுதி வைத்துவிட்டுப் போனது. "இச்சபையால் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டுத் திரும்புகிறவர்" ஆயுள் முழுக்க அதில் இருக்கலாம். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கமிட்டி விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ளலாம். கமிட்டியின் விருப்பம், மண்டபத்துக்கு வருகிற கார்களை அங்கே நிறுத்துவது. அக்காவுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் காலி செய்ய வேண்டும்.

"நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல சார்," என்றார் செயலாளர். "சபைதான் அவங்களை அனுப்புச்சுன்னு ஒரு தீர்மானமோ, வழியனுப்பு ஆராதனை நடந்த தேதியோ எடுத்துக் குடுங்க. மலர்ல போட்டுருவோம். வீடு அவங்களுக்குத்தான். சும்மா இருக்க விட்டா நாளைக்குப் பொதுக்கூட்டத்துல என்னைத்தான் கிழிப்பாங்க."

கேட்டது நியாயம். ஒரே ஒரு தேதி போதும். ஆள் உயிரோடு இருக்கிறார், ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறார், ஞாபகம் தெளிவாக இருக்கிறது. அரை மணி வேலை என்று நினைத்துக்கொண்டு நோட்டும் பேனாவுமாகப் போனேன். மலரில் ஊழியர்களுக்கென்று ஒரு படிவமும் அச்சடித்து வைத்திருந்தார்கள்: அழைப்பு பெற்ற தேதி, அழைப்பில் கிடைத்த வசனம், அனுப்பிய சபை, கிறிஸ்துவுக்கு ஆதாயம் செய்த ஆத்துமாக்களின் எண்ணிக்கை.

"அழைப்பு எப்ப வந்துச்சுக்கா?"

"தபால்ல."

"அக்கா, தரிசனம், சத்தம், அப்படி ஏதாவது..."

"அரே, தபால்லதான் தம்பி வந்துச்சு. மிஷன் பத்திரிகையில நர்ஸ் வேணும்னு போட்டிருந்தான். கார்டு எழுதினேன். வான்னு பதில் வந்துச்சு. கிளம்பிட்டேன்."

"வசனம்?"

"பதில் கார்டுல வசனம் இல்ல. கம்பளி எடுத்துட்டு வான்னு இருந்துச்சு."

நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். "எத்தனை பேரை ஆதாயம் பண்ணீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு."

"எத்தனை பேருக்கு வயித்துப்போக்கு நின்னுச்சுன்னு ஒரு கட்டம் போட்டுக் கொண்டா, சொல்றேன்."

கடைசிக் கேள்விக்கு வந்தேன். அது ஒன்றுக்காகத்தான் நான் போயிருந்தேன். "சரிக்கா. நம்ம சபை உங்களை எந்தத் தேதியில அனுப்பி வெச்சுது?"

கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார். "சபையா? என்னையா? எங்கப்பா அப்ப கமிட்டி மெம்பர். பொண்ணு ஒத்தையில வடக்க போறதான்னு ஆயர்கிட்ட சொல்லி வழியனுப்பு ஆராதனையையே நிறுத்திட்டாரு. ஸ்டேஷனுக்கு ஒரு ஈ காக்கா வரல. யாரும் என்னை அனுப்பல தம்பி. நானாத்தான் போனேன்."

கதவு திறந்திருந்தது. யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று நான் எழுந்து அதைச் சாத்தினேன். அவர் நிலைமையை விளக்கினேன்: உயில், கமிட்டி, கார், செங்கல்பட்டு. எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. யாராவது ஒருத்தர் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணியிருப்பாங்க. அது போதும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இல்ல. ஞாபகப்படுத்திப் பாருங்கன்னுதான்..."

"ஞாபகம் இருக்கிறதாலதானே சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் பொய் சொல்ல மாட்டார். சொன்னாலும் நான் எழுத மாட்டேன். இரண்டு பேரும் யோக்கியர்களாக இருந்தே அந்தக் கிழவியைத் தெருவில் விட்டுவிடுவோம் போலிருந்தது. இதைச் செயலாளரிடம் ஜாடையாகச் சொன்னதற்கு, "அவங்களைக் கர்த்தரே நேரா அனுப்பிட்டாருன்னா, வீட்டையும் அவரே நேரா பாத்துக்கட்டும் சார்," என்றார். பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்தடுத்த நாட்களிலும் போனேன். வேறு ஏதாவது கேட்டால் அந்தத் தேதி தானாக வெளியே விழாதா என்ற நப்பாசை. விழவில்லை. வேறு விஷயங்கள் விழுந்தன. அவர் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது முதல் பொதுத் தேர்தலுக்கு முந்தைய வருடம். வாக்காளர் பட்டியலைத் திருத்த ஒரு குமாஸ்தா வந்திருக்கிறார். பெண்கள் வெளியாளிடம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், அவ்வளவுதான். அப்படிப் பதிந்தால் செல்லாது, பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டு மருந்தகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம்.

"எங்கிட்ட எல்லா பேரும் இருந்துச்சு," என்றார் அக்கா. "பேரு சொன்னாத்தான் மருந்துன்னு நான் பிடிவாதம். ஒருத்தியோட மருந்தை இன்னொருத்திக்குக் குடுத்துட்டா யாரு பதில் சொல்றது? வீடு வீடா அந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல நின்னு, நான் சொல்லலாமான்னு கேப்பேன். தலையை ஆட்டுவா. சொல்லுவேன். அவன் எழுதுவான்."

தேசத்தின் ஆரம்பகாலம் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாம் டெல்லி மண்டபங்களில் நடக்கும். அந்த அரசியல் சட்டம் மதத்தைப் பரப்பும் உரிமையைக் கொடுத்ததும், கொஞ்ச வருடத்திலேயே மிஷனரிகள் என்னதான் செய்கிறார்கள் என்று அக்கா இருந்த மாநிலமே குழு போட்டு விசாரித்ததும் புத்தகங்களில் இருக்கின்றன. இரண்டு பக்க வாதங்களும் எனக்குத் தெரியும். ஒரு தமிழ் நர்ஸ் வாசல் வாசலாக நின்று, அனுமதி கேட்டுப் பெண்களின் பெயரைச் சொன்னது எந்த வாதத்தில் சேரும் என்று தெரியவில்லை. மருந்தகத்தின் அமெரிக்க டாக்டரம்மா விடுமுறையில் ஊருக்குப் போனபோது, திரும்பி வர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் போன பிறகு கதவைப் பூட்டாமல் வைத்திருந்தது யார் என்பதை எழுத ஆளில்லை. எழுத வேண்டியவன் நான். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

செப்டம்பரில் கமிட்டி நோட்டுகளைத் தேட ஆரம்பித்தேன். அவர் போன காலத்துத் தீர்மானப் புத்தகம் கிடைத்தது. அந்த வருடம் முழுக்க மணிக்கூண்டுக்கு எந்த நிறம் பூசுவது என்று விவாதித்திருந்தார்கள். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் பீரோ பீரோவாகக் குடைவதைப் பார்த்துக்கொண்டிருந்த செக்ஸ்டன், சர்ச் தரையைப் பெருக்கி மணி அடிப்பவர், வாசற்படியில் சாய்ந்து நின்றார். "இன்னாத்துக்கு சார் இந்தக் குப்பைய நோண்டிகினு கீறீங்க? காலைலேர்ந்து இருமிகினே கீறீங்க."

"பழைய நோட்டு வேற எங்கயாவது இருக்கா?"

"பொம்பளைங்க நோட்டுங்க மாடிப்படிக்கு அடியாண்ட கீது. கரையான் துன்னது போக மிச்சம். அதெல்லாம் ஆம்பளைங்க யாரும் தொட மாட்டாங்க சார்."

ஆண்கள் தொடாததால்தான் அவை பிழைத்திருந்தன. எங்கள் சபையில் புதன்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அதற்கு ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில் கிடைத்த தேதி. நிறைவேறாத விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது, வாராவாரம் மறுபடி எழுத வேண்டும். நோட்டு தீர்ந்தால் புது நோட்டின் முதல் பக்கத்துக்கும் அது போக வேண்டும். ஒரு பெண்மணியால் முடியாமல் போனால் இன்னொருவர் கைக்கு நோட்டு மாறும். ஒழுங்கான வழக்கம். என் அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை.

அக்கா ரயில் ஏறிய மறு வாரம் ஒரு வரி ஆரம்பிக்கிறது. "வடக்கே போன நம் சபை மகள் மனம் மாறி வீடு வந்து சேர."

அதைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டேன். அனுப்பிய ஆதாரம் தேடி வந்தவனுக்கு, அனுப்பவே இல்லை என்பதற்கான ஆதாரம், அதுவும் தேதியோடு. இதைவிடத் திட்டவட்டமான ஆவணம் எந்த நீதிமன்றத்துக்கும் கிடைக்காது. பேசாமல் மாடிப்படிக்கு அடியிலேயே திருப்பி வைத்துவிடலாமா என்று நினைத்தேன். கரையான் பார்த்துக்கொள்ளும்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. வரிசையாக எடுத்துப் படித்துக்கொண்டே போனேன். வாரந்தோறும் அந்த வரி இருந்தது. முதல் கையெழுத்து நடுங்கத் தொடங்கி நின்றுபோய், இரண்டாம் கையெழுத்து வருகிறது. பிறகு மூன்றாவது. "மனம் மாறி" என்பது எங்கோ உதிர்ந்துவிட்டது. பிறகு "சபை" உதிர்ந்தது. "வடக்கே போன நம் மகள் வீடு வந்து சேர." யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று ஐந்தாம் கையெழுத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வலது பக்கம் காலி. 1999-லும் காலி. 2001 மார்ச்சிலும் காலி. ஏப்ரலிலும்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அப்போது புழக்கத்தில் இருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். போன புதன்கிழமைப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அதாவது, அக்கா திரும்பி வந்து நாலரை வருடமாக, ஐம்பது அடி தூரத்தில் அவர் உலை வைத்துக்கொண்டிருக்க, இவர்கள் ஹாலில் முழங்காலில் நின்று அவர் திரும்பி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! முழங்கால் வலியால் அக்கா அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. போயிருந்தால் அவரும் சேர்ந்து ஆமென் சொல்லியிருப்பார்.

அக்டோபர் முதல் வாரக் கமிட்டிக்கு அத்தனை நோட்டுகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒளிக்கவில்லை. சபை அக்காவை அனுப்பவில்லை என்று முதலிலேயே சொன்னேன். பிறகு முதல் நோட்டையும் கடைசி நோட்டையும் ஆயர் முன்னால் திறந்து வைத்தேன்.

ஆயர் படித்தார். மறுபடி படித்தார். கடைசி நோட்டை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளினார். அங்கே பெண்கள் கூட்டத் தலைவி உட்கார்ந்திருந்தார். செயலாளரின் அம்மா. கடைசிக் கையெழுத்து அவருடையது.

"ஐயோ, இது அவங்களா?" என்றார் அம்மா. "எனக்கென்ன ஐயா தெரியும்? முன்னாடி எழுதினவங்க எழுதி வெச்சதைப் பாத்து எழுதினேன். யாரோ காணாமப்போன பொண்ணுன்னுல்ல நினைச்சேன்!"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "அம்மா, அது வேற விஷயம். உயில்ல 'அனுப்பப்பட்டு'ன்னு இருக்கு. திரும்பி வான்னு கேட்டது அனுப்பினதுக்குச் சமம் ஆவாது."

"ஏன்டா, அம்பது வருஷமா வா வான்னு கூப்பிட்டுட்டு, வந்தவளைச் செங்கல்பட்டுக்குப் போன்னு சொல்லிட்டு, அடுத்த புதன்கிழமை நான் எந்த வாயால ஜெபம் பண்றது? நீ வந்து பண்றியா?"

"அம்மா, கமிட்டில பேரச் சொல்லி, இல்லன்னா செக்ரெட்டரின்னு கூப்பிடு. டா போடாத."

"செக்ரெட்டரி, வாய மூடுடா."

அதோடு விவாதம் முடிந்தது. 'அனுப்பிய சபை என்று நாம் எழுத முடியாது, திரும்பக் கேட்ட சபை என்று எழுதுவோம்' என்றார் ஆயர். அக்கா ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருக்கலாம், கார்கள் ரோட்டோரம் நிற்கட்டும் என்று தீர்மானம் ஆனது. செயலாளரே கைப்பட எழுதினார். தேதி சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

நல்ல செய்தியோடு ஓடினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தது என் தவறு.

"வாராவாரம் நான் திரும்பி வரணும்னா கேட்டாங்க?"

"ஆமாக்கா. விடாம."

"அதான் புதன்கிழமையானா எனக்குக் காய்ச்சல் வந்துச்சா! அதான் டாக்டர் வரேன்னு சொன்ன புதன்கிழமையெல்லாம் பஸ் வரலையா!" தைலப் புட்டியை மூடி வைத்தார். "தம்பி, நீ எல்லா நோட்டையும் படிச்சியே. அவ வேலை நல்லா நடக்கணும்னு ஒரு புதன்கிழமையாவது கேட்டிருக்காங்களா?"

எல்லாப் பக்கமும் படித்தவன் நான். கரையான் தின்ற பக்கங்களில் இருந்திருக்கலாம் என்று சொல்லலாம். அது ஊகம்.

"இல்லக்கா."

"அப்ப எனக்கு இந்த வீடு வேணாம். செங்கல்பட்டுல எப்ப வரச் சொன்னாங்க?"

மூன்று மாதம் பஸ்ஸில் அலைந்து, தூசியில் இருமி, உயிலையும் நோட்டையும் படித்துப் படித்துக் கண் பூத்துப்போன எனக்கு அங்கே பொறுமை போயிற்று. அவரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "மழை வரப்போவுதுக்கா! கோபப்படறதா இருந்தா உள்ளயே உக்காந்து படுங்க. சண்டை போடணும்னா புதன்கிழமை பதினோரு மணிக்கு ஹால்ல போய் அவங்ககிட்ட போடுங்க. என்னை விடுங்க!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

அந்தப் புதன்கிழமை போகவும் செய்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் செயலாளரின் அம்மா ஜன்னலில் தட்டி, "சார், பேனா எடுத்துக்கிட்டு வாங்க. தேதிப் பிரச்சினை," என்றார்.

ஹாலில் முப்பது பெண்கள். நாற்காலியில் அக்கா, மடியில் நோட்டு. அந்தக் கிராமத்து மருந்தகத்துக்கு ஒரு நர்ஸ் கிடைக்க வேண்டும் என்று புதிய விண்ணப்பம் ஏறியிருந்தது. பழைய விண்ணப்பத்தை இனி முடிக்க வேண்டும். வலது பக்கம் எந்தத் தேதி போடுவது?

"2001 மார்ச்," என்றேன். "தாம்பரத்துல வந்து இறங்கின நாள். என்கிட்ட குறிப்பு இருக்கு."

"முழங்காலுக்கு வைத்தியம் பாக்க வந்தேன். அது இவங்களுக்குப் பதிலா? ஐம்பது வருஷம் கேட்டாங்க. கர்த்தர் முடியாதுன்னுட்டாரு. முடியாதுங்கறதும் பதில்தானே? அப்படியே எழுது."

"சரிக்கா. முடியாதுன்னு சொன்னது எந்தத் தேதி?"

"நான் ரயில் ஏறின தேதி."

"அது இவங்க கேக்கறதுக்கு முந்தின வாரம்! விண்ணப்பத்துக்கு முன்னாடியே பதிலா? பதிவேட்டுல அப்படி எழுதக் கூடாதுக்கா."

"அவர்கள் கூப்பிடுகிறதற்கு முன்னே நான் மறுஉத்தரவு கொடுப்பேன்னு அதுக்கு வசனமே இருக்கு சார்," என்றார் செயலாளரின் அம்மா. பின்வரிசையில் இரண்டு பேர் ஆமென் என்றார்கள்.

வசனம் இருக்கலாம். வரிசை என்று ஒன்று இருக்கிறது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு பதிவை நான் யாருக்கும் அனுமதித்ததில்லை என்று அந்த முப்பது பெண்களுக்கும் நின்று விளக்கினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கா கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, அந்தத் தேதியைத் தானே எழுதினார்.